ஆதரவு எந்த இடத்தில் குற்றமாகிறது? பயங்கரவாத ஆதரவுப் பேச்சும் அதற்கான தண்டனையும்

மேலூர்க்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை மேலூர் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மைக் செட் வாடகைக்கு விட்டவர். திருவிழா, காதணி விழா, எல்லாக் கட்சிகளின் தெருமுனைக் கூட்டங்கள் என எதற்கும் அவர் இல்லை என்று சொன்னதில்லை. 2002-ஆம் ஆண்டு, வைகோ பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதாகி மூன்று வாரங்கூட ஆகாத நிலையில், ஈழத்தமிழர் நிலை குறித்த ஓர் அரங்கக் கூட்டத்துக்கு அவர் இரண்டு பெட்டி ஒலிபெருக்கிகளும் ஓர் ஆம்ப்ளிஃபயரும் கொடுத்திருந்தார். மறுநாள் காலையில் சாதாரண உடையில் இரண்டு காவலர்கள் வீட்டுக்கு வந்தார்கள். முன்பணம் கொடுத்தது யார், மேடையில் யார் யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று கேட்டார்கள். என் தந்தைக்கு முதல் கேள்விக்கு மட்டுமே விடை தெரியும். மைக் கூவுகிறதா, ஒயர் சூடாகிறதா என்பதில்தான் அவருடைய கவனம் எப்போதும் இருக்கும். பேச்சு அவர் காதில் விழுந்தாலும் மனத்தில் நிற்காது. அவர்கள் அவருடைய வாடகைக் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். பிள்ளையார் சுழி போட்டு, ஊர்ப்பெயரும் பாக்கியும் மட்டும் எழுதிவைக்கும் நீள நோட்டு அது. திரும்பி வரவே இல்லை.

வழக்கு எதுவும் பதிவாகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, யார் வாடகை கேட்டு வந்தாலும் அவர் முதலில் கேட்பது, பேசப்போவது யார் என்பதுதான். அப்படிக் கேட்டுக் கேட்டே அவர் பல கூட்டங்களை மறுத்துவிட்டார். நான் அறிய விரும்புவது இதுதான்: கொலையைச் செய்தவனைத் தண்டிப்பதில் யாருக்கும் மறுப்பில்லை, கொலை செய்யும் அமைப்பை நல்லது என்று சொன்னவனைத் தண்டிக்கலாமா, தண்டிக்கலாம் என்றால் எந்த இடத்தில் கோடு போடுவது, அந்தக் கோடு மேடையில் பேசியவரோடு நிற்குமா, ஒலிபெருக்கி கட்டியவர் வரையிலும் நீளுமா?

சட்டக்குறிப்பு எழுதியது:

நான் மதுரையில் வழக்குரைஞராக இருக்கிறேன். உங்கள் தந்தையைப் பற்றிய கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பொடாச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் அதற்கு விடை இருக்கிறது.

அந்தப் பிரிவு மூன்று வகைச் செயல்களைக் குற்றமாக்கியது. பயங்கரவாத அமைப்புக்கு ஆதரவு திரட்டுவது முதலாவது. அந்த ஆதரவு பணமாகவோ பொருளாகவோ இருக்க வேண்டும் என்பதில்லை. அமைப்புக்கு ஆதரவான கூட்டம் என்று தெரிந்தே அதை ஏற்பாடு செய்வதும் ஏற்பாட்டுக்கு உதவுவதும் இரண்டாவது. அமைப்புக்கு ஆதரவை ஊக்குவிக்கும் நோக்கத்தோடு கூட்டத்தில் பேசுவது மூன்றாவது. மூன்று பேர் கூடினாலே அது கூட்டம். பொதுமக்களை உள்ளே விட்டார்களா இல்லையா என்பது பொருட்டில்லை. தண்டனை பத்தாண்டுகள் வரை. ஆகவே ஒலிபெருக்கி கட்டியவரிடம் காவலர்கள் வந்தது தற்செயலாக நடந்ததன்று; ஏற்பாட்டுக்கு உதவியவர் என்ற சொல்லுக்குள் அவரையும் அடக்கிப் பார்க்கச் சட்டம் இடம் கொடுத்தது.

வைகோ வழக்கின் காலவரிசையை நினைவுபடுத்துகிறேன். 2002 ஜூன் 29 அன்று திருமங்கலத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில், புலிகளை முன்பும் ஆதரித்ததாகவும் இப்போதும் ஆதரிப்பதாகவும் இனியும் ஆதரிக்கப்போவதாகவும் அவர் பேசினார். ஜூலை 11 அன்று, அமெரிக்காவிலிருந்து திரும்பியவரைச் சென்னை விமான நிலையத்திலேயே கைது செய்தார்கள். மாநிலத்தில் அப்போது ஜெயலலிதா அம்மையாரின் ஆட்சி. அதே ஆண்டு மார்ச் 26 அன்று நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் பொடாச் சட்டம் நிறைவேறியபோது, வைகோவின் கட்சி அதை ஆதரித்து வாக்களித்திருந்தது. இதை அவரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. சட்டம் இயற்றும் அவையில் கை தூக்குகிறவர்கள், அந்தச் சட்டம் நாளை யார் கையில் இருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் ஊரில் இல்லை என்பதற்காகவே எழுதுகிறேன்.

அவரோடு கட்சி நிர்வாகிகள் எட்டுப் பேரும் வழக்கில் சேர்க்கப்பட்டார்கள். 2003 டிசம்பர் 16 அன்று, மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் செல்லும் என்று கூறிய நீதிமன்றம், 20, 21, 22-ஆம் பிரிவுகளுக்கு மட்டும் ஒரு திறவுகோலை வைத்தது: பயங்கரவாதச் செயலை ஊக்குவிக்கும் அல்லது அதற்கு வழிகோலும் கருத்து, அதாவது உள்நோக்கம், இருந்தால்தான் குற்றம், வெறும் தார்மீக ஆதரவுப் பேச்சு குற்றமாகாது. அந்தத் தீர்ப்பு வந்து இரண்டு மாதங்களுக்குள், 2004 பிப்ரவரியில், வைகோ பிணையில் வெளியே வந்தார். அதற்குள் வேலூர்ச் சிறையில் ஏறக்குறைய பத்தொன்பது மாதங்கள் கழிந்திருந்தன.

பொடா 2004-இல் நீக்கப்பட்டது. ஆனால் அதன் பல பிரிவுகள் உபா என்று நாம் அழைக்கும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் குடியேறின. பழைய 21-ஆம் பிரிவு அங்கே 39-ஆம் பிரிவு ஆயிற்று. தண்டனை அதே பத்தாண்டுகள்தான். ஒரே ஒரு வேறுபாடு உண்டு: அமைப்பின் செயல்பாட்டை முன்னெடுக்கும் கருத்தோடு என்ற சொற்கள் பிரிவின் தொடக்கத்திலேயே சேர்க்கப்பட்டன. நீதிமன்றம் விளக்கமாகச் சொன்னது சட்ட வாசகமாகவே மாறியது. என் பார்வையில் நீங்கள் கேட்கும் கோடு அந்தச் சொற்களில்தான் இருக்கிறது.

பெரும்புதூர்வாசி எழுதியது:

வழக்குரைஞர் ஐயா கோட்டைப் பற்றி எழுதிவிட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும்.

1991 மே 21 அன்று இரவு என் பெரியப்பா, ராஜீவ் காந்தி பேசவிருந்த ஸ்ரீபெரும்புதூர்த் திடலில் பாதுகாப்புப் பணிக்காக நின்ற காவலர். மேடையிலிருந்து சற்றுத் தள்ளி, கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் இடத்தில் அவரை நிறுத்தியிருந்தார்கள். அதனால் புலிகளின் குண்டு வெடித்தபோது உயிர் பிழைத்தார். இடது காது முழுவதும் போயிற்று; வலது காதில் பாதி. ராஜீவ் காந்தியோடு இறந்தவர்களில் அவருடைய உடன் பணியாளர்களும் இருந்தார்கள். கட்சி என்ன, கொள்கை என்ன என்று அறியாமல் பணிக்குப் போனவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டு மே 14 அன்று புலிகள் அமைப்பு இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அந்தத் தடை இன்றுவரை நீட்டிக்கப்பட்டு வருகிறது.

அதற்குப் பின் வந்த ஆண்டுகளில், ஊரில் ஒவ்வொரு முறை அந்த அமைப்பைப் போற்றும் சுவரொட்டி ஒட்டப்படும்போதும் பெரியம்மா அந்தத் தெருவைத் தவிர்த்து வேறு வழியாகக் கடைக்குப் போவார். தார்மீக ஆதரவு என்று நீங்கள் எழுதும் சொல், எங்கள் வீட்டில் வேறு மாதிரி ஒலிக்கிறது. ஒரு கொலையைச் செய்த அமைப்பை ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் போற்றுவது கருத்து மட்டுந்தானா? அது கொல்லப்பட்டவர்களின் குடும்பத்துக்கு நேராகச் சொல்லப்படும் ஒரு செய்தியும் ஆகாதா? அதைக் கேட்டு வளரும் இளைஞர்களில் ஒருவன் அடுத்த முறை வேறு ஏதோ ஓர் அமைப்பில் சேர மாட்டான் என்பதற்கு என்ன உறுதி?

மேலூர்க்காரன் எழுதியது:

ஐயா, உங்கள் பெரியப்பாவுக்கு நேர்ந்ததைப் படித்தபின் என் தந்தையின் நோட்டைப் பற்றி எழுதியது சிறியதாகத் தோன்றுகிறது. ஆனாலும் கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். பெரியம்மாவின் வலி உண்மையானது. அந்த வலியைத் தந்த சுவரொட்டியை ஒட்டியவனுக்குப் பத்தாண்டுச் சிறை என்பது அந்த வலிக்கு ஈடாகுமா, அல்லது அது வேறு ஒன்றுக்குத் தரும் தண்டனையா?

வாவிக்கரை எழுதியது:

நான் மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். உங்களுடைய விவாதத்தைப் படித்தபோது, பேச்சு கொலையாக மாறியதையும் கொலைக்கு எதிரான பேச்சு சிறைக்குப் போனதையும் இரண்டு ஆண்டு இடைவெளிக்குள் கண்ட ஊரவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டும் என்று பட்டது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. எங்கள் நகரத்தின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, ஞாயிறு பாடசாலை முடித்த பிள்ளைகள் முற்றத்தில் நின்றார்கள். இறந்தவர்களில் அந்தப் பிள்ளைகளே பலர். கொழும்பிலும் நீர்கொழும்பிலுமாகச் சேர்த்து அன்றைய தாக்குதல்களில் 250-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாசிம் பக்கத்து ஊரான காத்தான்குடியைச் சேர்ந்தவர். அவர் பேசியதெல்லாம் தமிழில். நல்ல குரல், தடையில்லாத தமிழ். தம்மோடு உடன்படாத முஸ்லிம்களையும் ஏனைய சமயத்தவரையும் கொல்லத் தகுந்தவர்களாகக் காட்டும் காணொளிகள் முகநூலில் வெளிப்படையாகக் கிடந்தன. அவரைப் பற்றி முதலில் முறையிட்டவர்கள் காத்தான்குடி முஸ்லிம்களேதான். 2017 மார்ச்சில் அங்கே சூஃபி வழியினரோடு நடந்த மோதலுக்குப் பிறகு அவர் தலைமறைவானார், காணொளிகள் தலைமறைவாகவில்லை. தாக்குதலுக்கு முன் இந்தியாவிலிருந்து புலனாய்வு எச்சரிக்கைகளும் வந்தன. ஒன்றும் நடக்கவில்லை. 2023 ஜனவரியில் இலங்கை உயர் நீதிமன்றம் (உங்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம்), தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

எனவே பெரும்புதூர் ஐயா சொல்வதை நான் ஏற்கிறேன். பேச்சு வெறும் காற்றன்று. அந்தக் காணொளிகளைத் தண்டனைக்குரியவை ஆக்குவதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை.

இப்போது அடுத்ததைக் கேளுங்கள். 2020 மே மாதத்தில் அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் கவிஞரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைது செய்தார்கள். மன்னார் மாவட்டத்தவர், புத்தளத்தில் தமிழ் கற்பித்த ஆசிரியர். அவர் 2017-இல் வெளியிட்ட கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்பது குற்றச்சாட்டு. தமிழ் படிக்கத் தெரிந்தவர் எவரும் அந்தக் கவிதைகளைப் படித்தால், அவை போரையும் ஐ.எஸ். அமைப்பின் கொடுமையையும் கண்டிப்பவை என்பதை உணர்வார்கள். கண்டிப்பதற்காகக் கவிஞன் காட்டிய வன்முறைப் படிமங்களை, வன்முறைக்கான அழைப்பாக வாசித்தார்கள். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். அங்கேயும் பத்தொன்பது மாதங்கள்தான். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

ஒரே சட்டம், ஒரே மொழி. கொல்லச் சொன்னவரை அது தொடவில்லை. கொல்லாதே என்று எழுதியவரைப் பத்தொன்பது மாதங்கள் அடைத்து வைத்தது. 1979-இல் மூன்றாண்டுக்கு மட்டும் என்று சொல்லிக் கொண்டுவந்து, 1982-இல் நிரந்தரமாக்கிய சட்டம் அது. 2006-இல் எழுதிய கட்டுரைகளுக்காக ஊடகவியலாளர் திசைநாயகத்துக்கு 2009 ஆகஸ்டில் இருபது ஆண்டுக் கடூழியச் சிறை விதித்ததும் அதே சட்டம்தான். மறு ஆண்டு அவருக்குச் சனாதிபதி மன்னிப்பு வழங்கப்பட்டது. சட்டத்தின் வலை அகலமாக இருந்தால் யாரும் தப்ப முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். நாங்கள் கண்டது மாறானது. வலை எவ்வளவு அகலமோ, அவ்வளவுக்குக் காவல்துறை எளிதில் அகப்படுபவரையே பிடிக்கிறது. ஆசிரியரின் வீட்டுக் கதவைத் தட்டுவது, தலைமறைவானவரைத் தேடுவதைவிட எளிது.

சட்டக்குறிப்பு எழுதியது:

வாவிக்கரை நண்பருக்கு என் வணக்கம். நீங்கள் எழுதியதை என் இளம் வழக்குரைஞர்களுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன்.

கருத்து என்ற அளவுகோலோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: பேச்சுக்கும் வன்முறைக்கும் இடையிலான தூரம். 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில், அரசைக் கடுமையாகச் சாடுவது தேசத்துரோகம் ஆகாது, வன்முறைக்கோ பொது ஒழுங்கின் குலைவுக்கோ தூண்டும் போக்கு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்கு மிக நெருக்கமான சோதனை 1984 அக்டோபர் 31 அன்று வந்தது. இந்திரா காந்தி கொல்லப்பட்ட அன்று மாலை, சண்டிகரில் ஒரு திரையரங்கின் அருகே, அரசு ஊழியர்கள் இருவர், தனிச் சீக்கிய நாடு என்ற பொருளில் காலிஸ்தான் வாழ்க என்று முழக்கமிட்டார்கள். அந்த நாளில், அந்தச் சூழலில் அதைவிட எரிச்சலூட்டும் சொல்லைக் கண்டுபிடிக்க முடியாது. கீழ்நீதிமன்றம் தண்டித்தது. 1995-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. இரண்டு தனி மனிதர்கள் சில முறை முழங்கினார்கள், சுற்றியிருந்தவர்கள் யாரும் அதற்கு அசையவில்லை, எந்தக் குழப்பமும் நேரவில்லை என்பதே நீதிமன்றம் கண்ட காரணம். சொல்லை மட்டும் பார்க்காமல், யார் சொன்னார், யாரிடம் சொன்னார், கேட்டவர்கள் எங்கே போனார்கள் என்று பார்த்த தீர்ப்பு அது. பின்னர் 2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில், விவாதிப்பது, ஆதரித்து வாதிடுவது, தூண்டுவது ஆகிய மூன்றையும் பிரித்து, தூண்டும் நிலைக்கு வரும்போதுதான் பேச்சைக் கட்டுப்படுத்தலாம் என்று தெளிவாகச் சொல்லப்பட்டது.

இந்த அளவுகோலை எடுத்துச் சஹ்ரானின் காணொளிகளுக்கு முன் வைத்தால் அவை உறுதியாக அகப்படும். கேட்டவர்களைத் திரட்டி, பயிற்சி கொடுத்து, யாரைக் கொல்ல வேண்டும் என்று காட்டிய பேச்சு அது. கவிஞரின் நூலுக்கு முன் வைத்தால் அது அகப்படாது. அளவுகோல் குறுகலாக இருப்பதால் பயங்கரவாதிகள் தப்புவார்கள் என்ற அச்சத்துக்கு இதுவே என் பதில்.

ஈஸ்ட்ஹாம் எழுதியது:

பிரித்தானியாவில் வாழும் ஒருவன் என்ற முறையில் ஒரு செய்தி. வழக்குரைஞர் ஐயா விளக்கிய பொடா 21-ஆம் பிரிவை இங்கே உள்ள 2000-ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 12-ஆம் பிரிவோடு வைத்துப் பார்த்தேன். ஆதரவு பணமாக இருக்க வேண்டியதில்லை என்பதும், மூன்று பேர் கூடினால் கூட்டம் என்பதும் கிட்டத்தட்ட அதே சொற்கள். இந்தியா இங்கிருந்து எடுத்திருக்கிறது.

எடுத்த இந்தியா, கருத்து வேண்டும் என்று 2003-இல் அதை இறுக்கியது. கொடுத்த பிரித்தானியா எதிர்த்திசையில் போனது. 2019-இல் 12-ஆம் பிரிவில் ஒரு புதிய உட்பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி, தடைசெய்யப்பட்ட அமைப்புக்கு ஆதரவான கருத்தைச் சொல்லி, அது கேட்பவரை அந்த அமைப்பை ஆதரிக்கத் தூண்டுமா என்பதில் அசட்டையாக இருந்தாலே போதும். ஆதரவு திரட்டும் எண்ணம் வேண்டியதில்லை. 2021-இல் தண்டனை பத்திலிருந்து பதினான்கு ஆண்டுகளாக உயர்ந்தது. கொடி, சின்னம் பற்றிய 13-ஆம் பிரிவுக்கு உச்சபட்சம் ஆறு மாதம்தான். ஆனால் இங்கே தடைசெய்யப்பட்ட குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியின் கொடியை ஏந்தியவர்களின் வழக்கில் 2022 ஜனவரியில் இங்குள்ள உச்ச நீதிமன்றம், அந்தக் குற்றத்துக்கு மனக்கருத்தே தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. 2009-இல் நாடாளுமன்றச் சதுக்கத்தில் எழுபத்து மூன்று நாள்கள் நாங்கள் போராடியபோது கூட்டத்தில் புலிக்கொடிகளும் இருந்தன. அன்று என் கையில் இருந்தது, முள்ளிவாய்க்காலில் சிக்கியிருந்த என் சித்தியின் பெயர் எழுதிய அட்டை. என் பக்கத்தில் நின்றவர் கொடி வைத்திருந்தார். அவருக்கும் எனக்கும் மனத்தில் இருந்த துயரம் ஒன்றே. இன்றைய விளக்கத்தின்படி அவர் குற்றவாளி, நான் குற்றவாளியல்லன்.

அதன் தொடர்ச்சியாகத்தான் 2025 ஜூலையில் பாலஸ்தீன் ஆக்ஷன் என்ற பாலஸ்தீன ஆதரவு அமைப்பைத் தடைசெய்தபின், அதை ஆதரிப்பதாக அட்டையில் எழுதி அமைதியாக உட்கார்ந்திருந்த 500-க்கும் மேற்பட்டோரை ஆகஸ்ட் 9 அன்று ஒரே நாளில் கைது செய்ததைப் பார்த்தோம். அவர்களில் பலர் முதியவர்கள். அந்த அமைப்பு செய்த பொருட்சேதத்தை நான் ஆதரிக்கவில்லை. அதைப் பயங்கரவாதம் என்று அரசு அறிவித்த மறுகணமே, அந்த அமைப்பை ஆதரிக்கிறேன் என்று அட்டை பிடிப்பதும் பயங்கரவாத வழக்காக மாறுகிறது என்பதே என்னை அச்சுறுத்துகிறது. எது பயங்கரவாத அமைப்பு என்று முடிவுசெய்வது அமைச்சரின் கையெழுத்தில் தொடங்குகிறது, நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தருகிறது. அதன்பின் அந்த அமைப்புக்கு ஆதரவாக ஒரு வரி சொல்வதையும் அதே கையெழுத்து குற்றமாக்குகிறது.

பெரும்புதூர்வாசி எழுதியது:

எல்லோரும் எழுதியதை மீண்டும் மீண்டும் படித்தேன். கவிஞரைப் பற்றி வாவிக்கரை நண்பர் எழுதியது எனக்குத் தெரியாத ஒன்று. அதை மறுக்க எனக்கு மனமில்லை.

ஆனாலும் இரண்டு இடங்களில் என் கருத்து மாறவில்லை. பணம் திரட்டுவதையும் ஆள் சேர்ப்பதையும் பேச்சுரிமைக்குள் கொண்டுவர யாரும் முயலக் கூடாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-இல், புலிகளுக்கும் குர்து அமைப்புக்கும் சட்ட ஆலோசனையும் பயிற்சியும் தர விரும்பியவர்களின் வழக்கில் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தடையை உறுதிசெய்தது. ஓர் அமைப்போடு சேர்ந்து செய்யும் உதவி அதன் கையை மற்ற வேலைகளுக்கு விடுவித்துக் கொடுக்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து. தனியாக நின்று அந்த அமைப்பை ஆதரித்துப் பேசுவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அதையும் நேர்மையாகக் குறிப்பிடுகிறேன்.

இரண்டாவது, கொலையாளியைப் போற்றுவது. கொள்கையை ஆதரிப்பது வேறு, தமிழீழம் வேண்டும் என்பது வேறு. கொலை செய்தவரின் படத்துக்கு மாலை போட்டு, அந்தக் கொலை வீரம் என்று மேடையில் சொல்வது வேறு. அதற்குத் தண்டனையே கூடாது என்றால் எங்களைப் போன்ற குடும்பங்களுக்குச் சட்டம் சொல்லும் செய்தி என்ன?

சட்டக்குறிப்பு எழுதியது:

நீங்கள் பிரித்துக்காட்டிய இரண்டாவது இடம் உண்மையிலேயே கடினமானது. அதை எளிதென்று காட்டி உங்களை ஏமாற்ற மாட்டேன். பிரான்ஸ் அதை நேரடியாகக் குற்றமாக்கிய நாடு. 2014 நவம்பரில், பயங்கரவாதத்தைப் போற்றும் குற்றத்தை 1881-ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டத்திலிருந்து எடுத்துத் தண்டனைச் சட்டத்தில் வைத்தார்கள். ஐந்தாண்டு வரை சிறை, இணையத்தில் என்றால் ஏழாண்டு. அங்கே முன்னாள் ஆயுதக் குழு உறுப்பினர் ஒருவர், 2015 பாரிஸ் தாக்குதலைச் செய்தவர்கள் துணிச்சலானவர்கள் என்று வானொலியில் சொன்னார். அவர்களுடைய கொள்கையைத் தாம் ஏற்கவில்லை என்றும் சொன்னார். அவருக்குப் பதினெட்டு மாதச் சிறை; அதில் பத்து மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. 2022 ஜூனில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? அவரைக் குற்றவாளி என்று கண்டது சரி, உறவினரை இழந்தவர்கள் நிறைந்த நாட்டில் அந்தப் பேச்சு தண்டனைக்குரியதே. ஆனால் ஒரு பேச்சுக்காகச் சிறை என்பது மிகை, அது பேச்சுரிமை மீறல் என்றது.

நான் அந்தத் தீர்ப்போடு பெரும்பாலும் உடன்படுகிறேன். உங்கள் பெரியம்மா வேறு தெருவில் சுற்றிப் போக வேண்டியிருந்ததற்குச் சட்டம் ஏதேனும் சொல்ல வேண்டும் என்றால், அபராதம் சொல்லட்டும், மன்னிப்புக் கேட்கச் சொல்லட்டும். பத்தாண்டு வரை விதிக்கக்கூடிய, பயங்கரவாதி என்ற முத்திரையோடு வரும் பிரிவு அதற்குரிய கருவியன்று.

நம் நாட்டில் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். தண்டனை தீர்ப்பில் தொடங்குவதில்லை, கைதில் தொடங்குகிறது. உபாச் சட்டத்தின் 43டி பிரிவு, குற்றச்சாட்டு மேலோட்டப் பார்வையில் உண்மையாகத் தோன்றினாலே பிணை மறுக்கச் சொல்கிறது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 180 நாள்கள் வரை கேட்டுப் பெறலாம். ஆதரவுக் குற்றமான 39-ஆம் பிரிவும் இந்தக் கட்டுக்குள் வருகிறது. கோழிக்கோட்டு மாணவர்கள் இருவர் தடைசெய்யப்பட்ட மாவோயிஸ்ட் அமைப்பு தொடர்பான துண்டறிக்கைகளும் நூல்களும் வைத்திருந்ததற்காக 2019 நவம்பரில் கைதானார்கள். அமைப்பின் செயலை முன்னெடுக்கும் கருத்தை அவை மட்டும் மெய்ப்பிக்கவில்லை என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறித்தான் அவர்களுடைய பிணை உறுதியானது. கருத்து வேண்டும் என்ற சொற்கள் சட்டத்தில் இருந்தும் அவை வேலை செய்ய இரண்டாண்டு ஆயிற்று. நீதிமன்றத்தில் நான் நின்று பார்த்தவரை, இந்தப் பிரிவுகளில் கைதானவர் கடைசியில் விடுதலையானாலும் படிப்பு போயிருக்கும், வேலை போயிருக்கும், வீட்டில் பெண் கொடுக்க யாரும் முன்வந்திருக்க மாட்டார்கள். ஆகவே ஆதரவுப் பேச்சு மட்டுமே குற்றச்சாட்டாக இருக்கும் வழக்குகளுக்கு 43டி பிரிவின் பிணைத் தடை பொருந்தாது என்று நாடாளுமன்றம் திருத்த வேண்டும். மற்ற வாதங்களில் நாம் வேறுபட்டாலும் இதில் ஒன்றுபடலாம் என்று நம்புகிறேன்.

பெரும்புதூர்வாசி எழுதியது:

பிணை பற்றிய உங்கள் கோரிக்கையை ஏற்கிறேன். ராஜீவ் கொலை வழக்கில் விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்த 26 பேரில் 19 பேரை உச்ச நீதிமன்றம் 1999-இல் விடுவித்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் கோபப்பட்டோம். பெரியப்பா மட்டும், எட்டு வருடம் உள்ளே இருந்தார்களே என்று தாளில் எழுதிக் காட்டினார். பேச்சு சரியாகக் கேட்காததால் அவர் எழுதித்தான் உரையாடுவார். அன்று அவர் எந்தப் பொருளில் எழுதினார் என்று எனக்கு விளங்கவில்லை. இப்போது ஓரளவு விளங்குகிறது. போற்றிப் பேசுவதற்கு ஏதேனும் ஒரு தண்டனை வேண்டும் என்ற கருத்தை மட்டும் நான் விடப்போவதில்லை.

மேலூர்க்காரன் எழுதியது:

நேற்று இரவு இதையெல்லாம் தந்தைக்கு வாசித்துக் காட்டினேன். பெரும்புதூர் ஐயாவின் பெரியப்பாவைப் பற்றிய வரிகளை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். பிறகு, அந்தத் திடலிலும் யாரோ ஒருவர் மைக் செட் கட்டியிருப்பார், அவர் என்ன ஆனார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காவல்துறையின் வேலையைக் குறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வந்து கேட்டது சரிதான், நோட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். அதில் இருந்த பாக்கிகளை அவர் வசூலிக்கவே இல்லை. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு வேறு ஆவணம் இல்லை.

வழக்குரைஞர் ஐயா, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நோட்டைக் கேட்டுப் பெற வழி உண்டா?

சட்டக்குறிப்பு எழுதியது:

அப்போது கைப்பற்றுதல் மகஜர், அதாவது பொருளை எடுத்ததற்கான பதிவு, ஏதேனும் எழுதி உங்கள் தந்தையிடம் கையொப்பம் வாங்கினார்களா என்பதை அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். வாங்கியிருந்தால் நடுவர் நீதிமன்றத்தில் பொருளைத் திரும்பக் கேட்கும் மனு போடலாம். வாங்கவில்லை என்றால், முதலில் அந்தக் காவல் நிலையத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு அனுப்புங்கள். நோட்டு எந்தத் தேதியில், எந்தச் சட்டப் பிரிவில் எடுக்கப்பட்டது என்பதை மட்டும் கேளுங்கள். மனுவை நானே எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம். தந்தையின் பெயரையும் ஆண்டையும் தனிமடலில் அனுப்புங்கள்.